வராமல் போகக்கூடிய பணம்: ரக்பி லீக்கின் சம்பள உச்சவரம்பும் மூன்றாம் தரப்பு ஒப்பந்தங்களும்

1. இரண்டு காலி இடங்கள்

ஆஸ்திரேலியத் தேசிய ரக்பி லீக்கில் பட்டம் வென்ற அணிகளின் பட்டியலில் 2007, 2009 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே பெயர் எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளிலும் இறுதியாட்டம் நடந்தது. 2007இல் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி மேன்லியை 34–8 என வென்றது. 2009இல் பாரமட்டாவை 23–16 என வென்றது. 2010 ஏப்ரல் 22 அன்று லீக்கின் தலைமை நிர்வாகி டேவிட் காலப் இரண்டு பட்டங்களையும் பறித்து அறிவித்தார். ஊக்கமருந்தோ சூதாட்டமோ காரணம் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு அனுமதித்ததைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்தார்கள் என்பதே குற்றம்.

உழைத்தவருக்கு அதிகக் கூலி கொடுத்ததற்காக முதலாளியைத் தண்டிக்கும் தொழில்கள் அரிது. ரக்பி லீக் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஆண்டில் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதுவே சம்பள உச்சவரம்பு. 2010இல் அது சுமார் 41 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2023இல் ஒரு கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது.

உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நில உச்சவரம்புச் சட்டமும் அதன் நிழலாகவே வளர்ந்த பினாமியும் நினைவுக்கு வரும். எல்லை வைத்த இடத்தில் எல்லைக்கு வெளியே ஒரு கணக்கு முளைக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தில் உண்மையான உடைமையாளர், அதாவது பெறுபவர், மறைந்து நிற்கிறார். ரக்பி லீக்கில் பெறுபவர் வெளிச்சத்தில் ஆடுகிறார், கொடுப்பவர்தான் மறைகிறார். கிளப் தர முடியாத தொகையை ஒரு கட்டுமான நிறுவனமோ கார் விற்பனையாளரோ தருவதுபோல் தோற்றம் இருக்கும். இதைத்தான் மூன்றாம் தரப்புப் பணம் என்கிறார்கள். ரசிகர்களின் பேச்சில் இதற்குப் பழுப்புக் காகிதப் பை என்று பெயர்.

இந்தத் தகராறுகளுக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, நிர்வாகிகளின் பேராசை. மற்றொன்று, தணிக்கையின் தளர்ச்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ், கால் நூற்றாண்டாக ஏறக்குறைய ஒரே வடிவத்தில் ஒரே மீறல் திரும்பத் திரும்ப நடந்தால், தனி மனிதர்களின் குணம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. மீறலின் வித்து விதிக்குள்ளேயே இருக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. கூலிக் கேள்வியில் பிறந்த ஆட்டம்

ரக்பி லீக் பணத்தைப் பற்றிய சண்டையில் பிறந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிவதென முடிவெடுத்தார்கள். யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளின் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்புக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈடு தர வேண்டும் என்றன வடபகுதிக் கிளப்புகள். காசு வாங்காமல் ஆடுவதே பண்பு என்றிருந்த தென்பகுதிக் கனவான்கள் அதை ஏற்கவில்லை.

பிரிந்து வந்த அமைப்பும் உடனே கட்டற்ற சம்பளத்துக்கு மாறிவிடவில்லை. 1898இல் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்க அனுமதித்தபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: ஆட்டக்காரருக்கு வெளியே ஓர் உண்மையான வேலை இருக்க வேண்டும். ரக்பியின் பிளவை விரிவாக ஆய்ந்த வரலாற்றாசிரியர் டோனி காலின்ஸ், இந்த வேலை விதியைச் சுற்றி எழுந்த இழுபறிகளைப் பதிவு செய்திருக்கிறார். இன்னாருடைய வேலை உண்மை வேலையா, கிளப்புக்காக ஒப்புக்குத் தந்த வேலையா என்று விசாரித்துத் தீர்ப்பளிப்பது அமைப்பின் பொறுப்பானது. 1905இல் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

இன்றைய தகராறுகளின் முன்னோடியை நான் இங்கே காண்கிறேன். அன்று ‘வேலை உண்மையானதா?’ என்று கேட்டவர்கள் இன்று ‘விளம்பர ஒப்பந்தம் உண்மையானதா?’ என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் தொகையைவிட உறவின் நேர்மையையே அளக்க முயல்கின்றன.

ஆஸ்திரேலியாவிலும் பிறப்பு இப்படித்தான். 1907இல் அலெக்ஸ் பர்டன் என்ற ஆட்டக்காரர் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோது ரக்பி யூனியன் ஈடு எதுவும் தரவில்லை என்ற மனக்கசப்பு, புதிய அமைப்புக்கு உரமானது. அதன் தொடக்க முயற்சியில் பங்கேற்றவர்களில் கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பரும் ஒருவர். 1908இல் சிட்னியில் போட்டி தொடங்கியது. ஆட்டக்காரருக்கு நியாயமான பணம் சேர வேண்டும் என்று பிரிந்து வந்த ஆட்டம், 82 ஆண்டுகள் கழித்து 1990இல், அவருக்குச் சேரும் பணத்துக்கு எல்லை வகுத்தது.

3. உச்சவரம்பு தேவைதானா? வாதங்களும் சான்றுகளும்

உச்சவரம்பின் ஆதரவாளர்கள் நிற்கும் தளம் பொருளியல். வால்டர் நீல் 1964இல் எழுதிய கட்டுரை இதில் முன்னோடி. ஒரு சோப்புக் கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனி ஒழிந்தால் ஆதாயம். விளையாட்டில் எதிரணி ஒழிந்தால் விற்பதற்குச் சரக்கே இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைக் காண யாரும் வர மாட்டார்கள். ஆகவே பணக்கார அணி எல்லாத் திறமையையும் வாங்கிக் குவிப்பதைத் தடுப்பது, அந்தப் பணக்கார அணிக்கே நல்லது.

இதை ஐயத்தோடு பார்த்தவர் சைமன் ராட்டன்பர்க். அமெரிக்க பேஸ்பால் பற்றி 1956இல் எழுதிய கட்டுரையில், ஆட்டக்காரரைக் கிளப்போடு கட்டிப்போடும் விதிகளால் திறமை சமமாகப் பரவிவிடாது, எங்கே அதிக வருமானம் ஈட்டுமோ அங்கேதான் போய்ச் சேரும் என்றார். அத்தகைய விதிகள் செய்வதெல்லாம் ஆட்டக்காரரின் பங்கை முதலாளியின் பைக்கு மாற்றுவதுதான். அவர் பேசியது உச்சவரம்பைப் பற்றி இல்லை என்றாலும், சமநிலையின் பெயரால் வரும் எந்தக் கட்டுப்பாட்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது: இதன் ஆதாயம் யாருக்கு?

ஆஸ்திரேலிய நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. பால்மெய்ன் கிளப்பிலிருந்து விலக விரும்பிய டென்னிஸ் டட்டி, கிளப் விடுவிக்க மறுத்ததால் 1969 பருவம் முழுவதும் ஆடாமல் இருந்தார். 1971இல் உயர் நீதிமன்றம், ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்றது. இருபது ஆண்டுகள் கழித்து 1991இல், எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போக வேண்டும் என்று வரிசை முறையில் ஒதுக்கிய திட்டமும் அதே காரணத்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விழுந்தது. சமநிலை காக்க லீக் தூக்கிய இரண்டு கருவிகளைச் சட்டம் பிடுங்கிவிட்டது. எஞ்சியது உச்சவரம்பு. அதன் மேல் லீக் இத்தனை பாரத்தை ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சவரம்பு சமநிலையைத் தந்ததா? பட்டியலையே எண்ணிப் பார்க்கலாம். செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 பட்டம் வென்றது. 1967 முதல் 1989 வரையிலான 23 ஆண்டுகளில் எட்டு கிளப்புகள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1998 முதல் 2016 வரையிலான 19 ஆண்டுகளில், காலியான இரண்டு ஆண்டுகளைக் கழித்த பிறகும், 12 கிளப்புகள் வென்றன. முதல் பார்வையில் இது உச்சவரம்பின் வெற்றி.

சற்று நின்று பார்த்தால் அவ்வளவு தெளிவில்லை. செயின்ட் ஜார்ஜின் ஆதிக்கத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்த 1967இல் சம்பள விதி எதுவும் வரவில்லை. இத்தனை முறை பிடிபட்டால் பந்தை எதிரணிக்கு விட வேண்டும் என்ற ஆட்ட விதிதான் அந்த ஆண்டு வந்தது. அணிகளின் எண்ணிக்கையும் ஊர்களும் இடையில் மாறின. மறுபக்கம், உச்சவரம்பு முழு வேகத்தில் இயங்கிய காலத்திலேயே பென்ரித் பாந்தர்ஸ் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது. மேற்கு சிட்னியின் இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுத்ததே அதன் முக்கிய பலம். ஆகவே, உச்சவரம்பு பட்டத்தைப் பரவலாக்கத் துணை நின்றிருக்கலாம் என்ற அளவில்தான் சான்று இடம் தருகிறது. அதற்கு மேல் சொல்வது விசுவாசம்.

4. மூன்றாம் தரப்பு: விதி எதைக் கேட்கிறது?

உச்சவரம்பை வைத்த லீக் ஒரு சிக்கலை உடனே சந்தித்தது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒரு காலணி விளம்பரத்தில் நடித்தால் அந்தப் பணம் சம்பளமா? அதைத் தடுத்தால் தொழில் உரிமை வழக்கு காத்திருக்கிறது. தடுக்காவிட்டால் எல்லாச் சம்பளமும் காலணி விளம்பரமாகிவிடும்.

அதோடு வேறு ஆட்டங்களின் இழுப்பும் இருந்தது. 2008 ஜூலையில், கேன்டர்பரி புல்டாக்ஸின் நட்சத்திரம் சன்னி பில் வில்லியம்ஸ், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பெரும்பகுதி மீதமிருக்கும்போதே பிரான்சின் துலோன் கிளப்பில் ரக்பி யூனியன் ஆடப் போய்விட்டார். உச்சவரம்புக்குள் எட்டாத பணத்தை வெளியிலிருந்து வர விடாவிட்டால் நட்சத்திரங்கள் பறந்துவிடும் என்ற அச்சத்துக்கு அது கண்கூடான சான்றானது.

லீக் கண்ட நடுவழி பின்வருமாறு. வெளியார் ஒருவர் ஆட்டக்காரரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். அந்தத் தொகைக்கு எல்லை இல்லை, உச்சவரம்பிலும் சேராது. ஆனால் அந்த வெளியார் கிளப்பிலிருந்து விலகி நிற்பவராக இருக்க வேண்டும். கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. ஒப்பந்தத்தை லீக்கில் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளப் அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கக் கூடாது. பணம் வரும் என்று உத்தரவாதம் தரக் கூடாது. கிளப்பின் சொந்த விளம்பரதாரர் தரும் பணத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

இந்த விதியின் உள்ளடக்கத்தை ஆட்டக்காரரின் இடத்திலிருந்து படித்தால் ஒரு விந்தை புலப்படும். அவருக்கு இரண்டு கிளப்புகள் அழைப்பு விடுக்கின்றன. முதல் கிளப் எட்டு லட்சம் டாலர் சம்பளம் தர முடியும் என்கிறது. இரண்டாவது கிளப்பால் ஆறு லட்சம்தான் தர முடியும்; ஆனால் ‘இந்த ஊரில் உன்னை விரும்பும் நிறுவனங்கள் நிறைய, இரண்டு லட்சம் எளிதாக வரும்’ என்கிறது. ஆட்டக்காரரின் முகவர் கேட்கும் அடுத்த கேள்வி எதுவாக இருக்கும்? ‘வராவிட்டால்?’

இந்த ஒற்றைக் கேள்விக்குக் கிளப் சொல்லும் பதிலில்தான் சட்டமும் மீறலும் பிரிகின்றன. ‘வராவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்றால் அது சட்டம். ‘வராவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் அது மீறல். அப்படியானால், விதிக்கு உட்பட்ட மூன்றாம் தரப்புப் பணம் என்பது வராமல் போகக்கூடிய பணம். அதன் நிச்சயமின்மையே அதன் நேர்மைக்குச் சான்று. பத்தாண்டுக்கும் குறைவாகவே ஆடக்கூடிய, அடுத்த வாரமே முழங்கால் முறியக்கூடிய ஒருவர், தன் வருமானத்தில் கால் பங்கை அப்படியொரு நிச்சயமின்மையில் விட்டுவிட்டுக் கையெழுத்திடுவார் என்று விதி எதிர்பார்க்கிறது. அவர் அப்படிச் செய்வதில்லை. அந்த இடத்தில்தான் ரகசியக் கடிதம் பிறக்கிறது.

5. வழக்குகள் காட்டுவது

இந்தக் கருத்தைப் பதிவான வழக்குகளோடு வைத்துப் பார்க்கலாம்.

கேன்டர்பரி, 2002. தொடர்ந்து 17 ஆட்டங்களை வென்று புல்டாக்ஸ் அட்டவணையின் உச்சியில் இருந்த பருவம் அது. சிட்னி மார்னிங் ஹெரால்டின் ஆன் டேவிஸ், கேட் மெக்கிளைமன்ட் இருவரும், லிவர்பூல் பகுதியில் கிளப் ஈடுபட்டிருந்த ஓயசிஸ் என்ற பெருங்கட்டுமானத் திட்டத்தைத் துருவியபோது சம்பள மீறல் வெளிவந்தது. தண்டனையாக 37 புள்ளிகள் பறிபோயின. அபராதம் ஐந்து லட்சம் டாலர். அணி கடைசி இடத்துக்குப் போனது. இங்கே கவனிக்க வேண்டியது, மீறலை வெளிக்கொண்டுவந்தது ஆட்டத்தைத் துருவிய தணிக்கை மட்டுமன்று, நிலத்தைத் துருவிய இதழியலும்தான்.

மெல்பர்ன், 2010. லீக்கின் தணிக்கையாளர் இயன் ஷூபர்ட்டின் விசாரணை ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு விதமான ஆவணங்கள் இருந்ததைக் கண்டது. லீக்குக்குப் போன ஒப்பந்தம் ஒன்று. கூடுதல் தொகையை வாக்களித்த கடிதம் வேறொன்று. மீறல் ஐந்து ஆண்டுகளில் 17 லட்சம் டாலர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னர் டெலாய்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது அது 31 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கடிதங்கள் எதற்காக எழுதப்பட்டன? கிளப் எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால் பிடிபடாமலே போயிருக்கக்கூடும். ஆனால் எழுத்தில் இல்லாத வாக்கை நம்பி யாரும் கையெழுத்திட மாட்டார்கள். ஆட்டக்காரரை இழுத்த அதே காகிதம் கிளப்பைக் காட்டிக்கொடுத்தது.

பாரமட்டா, 2016. 2013 முதல் நடந்த மீறல்களின் மொத்தம் 30 லட்சம் டாலருக்கு மேல் என லீக் கணித்தது. விலகி நிற்பவை என்று காட்டிய மூன்றாம் தரப்பு ஒப்பந்தங்களைக் கிளப் நிர்வாகிகளே ஏற்பாடு செய்திருந்தது குற்றச்சாட்டின் மையம். 12 புள்ளிகள், 10 லட்சம் டாலர் அபராதம், ஐந்து நிர்வாகிகளின் பதிவு நீக்கம் என்று தண்டனை வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வென்ற ஆக்லாந்து நைன்ஸ் கோப்பையும் போனது. அதே ஆண்டு கிளப்பின் நிர்வாகத்தையே மாநில அரசு நியமித்த ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது.

மேன்லி, 2018. இங்கே பணம் போன வழியைவிட வாக்குறுதியே குற்றமாக நின்றது. ஐந்து பருவங்களில் சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்றாம் தரப்புத் தொகைகளுக்குக் கிளப் தரப்பில் சொல்லாமல் உறுதியளித்ததாக லீக் முடிவு செய்தது. 7,50,000 டாலர் அபராதம் விதித்து, அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. அடுத்த பருவங்களின் உச்சவரம்பிலும் கைவைத்தது.

வெஸ்ட்ஸ் டைகர்ஸ், 2018 டிசம்பர். ஓய்வுக்குப் பிறகு கிளப்பின் தூதராகப் பணியாற்றும் வாய்ப்பை ஒரு மூத்த ஆட்டக்காரருக்குத் தருவதாகச் சொன்னதை லீக்குக்கு அறிவிக்கவில்லை என்பது குற்றம். முதலில் அறிவித்த அபராதம் 7,50,000 டாலர். ஒரு தொழிலாளிக்கு முதலாளி ‘உன் காலம் முடிந்த பிறகும் உன்னைக் கைவிட மாட்டேன்’ என்று சொல்வது வேறெங்கும் நன்றியறிதல். இங்கே அது மறைமுகச் சம்பளம். லீக்கின் தர்க்கம் தவறானதன்று. நாளைய வேலையும் இன்றைய கையெழுத்துக்கு விலையாகலாம். ஆனால் விதி தொகையைக் கடந்து வாக்கின் மேல் கைவைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஐந்து வழக்குகளிலும் தொகை வேறு, வழி வேறு. நான்கில் பொதுவானது கிளப்பின் உத்தரவாதம். அதிலும் ஒரு நகைமுரண் உண்டு. 2007, 2009 இறுதியாட்டங்களில் மெல்பர்னிடம் தோற்று, பறித்த பட்டத்தைத் தங்களுக்குத் தராததால் வெறுங்கையோடு நின்ற இரண்டு கிளப்புகள் மேன்லியும் பாரமட்டாவும். பத்தாண்டுக்குள் அவை இரண்டுமே தங்கள் பிற்கால மீறல்களுக்காகத் தண்டனை பெற்றன. ஏமாற்றப்பட்டவர்களும் அதே வழியில் இறங்கினார்கள் என்றால், அது தனிமனித ஒழுக்கக் கேடு என்ற விளக்கத்தை வலுவிழக்கச் செய்கிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. பெரும்பாலான கிளப்புகள் பெரும்பாலான ஆண்டுகளில் பிடிபடவில்லை. விதியே மீறலை விளைவிக்கிறது என்றால் எல்லோரும் மீறியிருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. என் பதில், அழுத்தம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. பெரிய நிறுவனங்கள் நிறைந்த, ஒரே கிளப் ஆண்ட பிரிஸ்பேன் போன்ற நகரில் நட்சத்திரத்தைத் தேடி விளம்பரதாரர் தானாக வருவார். கிளப் வாக்குத் தர வேண்டிய தேவையே குறைவு. ஒரே சிட்னியில் பல கிளப்புகளோடு விளம்பரதாரர்களைப் பங்குபோட வேண்டிய கிளப்புக்கு அந்த வசதி இல்லை. தண்டனை பெற்ற மேற்கண்ட ஐந்தில் நான்கு சிட்னிக் கிளப்புகள். ஐந்தாவது, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து கோலோச்சும் மெல்பர்ன். ஐந்து எடுத்துக்காட்டுகளை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் திசை தெரிகிறது. சமநிலைக்காக வந்த உச்சவரம்பு, மூன்றாம் தரப்பு வாசல் வழியாக ஊர்களின் செல்வ வேறுபாட்டையே மீண்டும் உள்ளே விடுகிறது.

6. தண்டனை யார் தலையில் விடிகிறது?

2010இல் ஸ்டார்ம் அணி எஞ்சிய பருவம் முழுவதும் புள்ளி எதுவும் பெற முடியாது என்ற நிலையில் ஆடியது. ஆட்டங்களை வென்றது, அட்டவணையில் கடைசியில் நின்றது. அபராதம் ஐந்து லட்சம். திருப்பித் தந்த பரிசுப்பணம் 11 லட்சம். கிரெக் இங்கிலிஸ் போன்ற நட்சத்திரங்களை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனது. குற்ற வழக்கு மட்டும் வரவில்லை. விக்டோரியா காவல்துறை விசாரித்தும் யார் மீதும் வழக்குத் தொடரவில்லை. உச்சவரம்பை மீறுவது நாட்டின் சட்டத்தில் குற்றமன்று, கிளப்புகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை மீறுவது மட்டுமே.

தீர்ப்புச் சொன்னவர்களின் நிலையும் கேள்விக்குரியதாக இருந்தது. அன்று ஸ்டார்மின் உரிமையாளர் நியூஸ் லிமிடெட். லீக்கின் பாதி உரிமையும் அதனிடமே இருந்தது. தண்டனையை நீதிமன்றத்தில் எதிர்க்க முனைந்த கிளப்பின் சுயேச்சை இயக்குநர்களை அந்த நிறுவனமே நீக்கியது. 2012இல் தனி ஆணையம் லீக்கின் பொறுப்பை ஏற்ற பிறகே இந்த முரண் தீர்ந்தது.

தண்டனைகளுக்கிடையே ஒப்புமையும் இல்லை. பல ஆண்டு மீறலைத் தானே முன்வந்து தெரிவித்த குரோனல்லா கிளப்புக்கு 2019இல் 12,50,000 டாலர் அபராதம் விதித்தார்கள். 2016 பட்டம் அதனிடமே இருக்கிறது. மறைத்தவரையும் ஒப்புக்கொண்டவரையும் வேறாக நடத்துவது சரியே. ஆனால் தோற்ற அணியின் ரசிகருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது.

இங்கிலாந்தின் அனுபவம் மறுமுனை. 2016இல் சால்ஃபோர்ட் கிளப், 2014, 2015 ஆண்டுகளின் மீறல்களுக்காக ஆறு புள்ளிகளை இழந்தது. அபராதம் வெறும் 5,000 பவுண்ட். புள்ளிகள் போனதால் சால்ஃபோர்ட் மேல் பிரிவில் நீடிப்பதற்கான கடைசி ஆட்டத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 19–18 என வென்று தப்பியது. கீழே இறங்கியது மீறலில் தொடர்பே இல்லாத ரோவர்ஸ். அபராதப் பணம் கிளப்பின் கணக்கிலிருந்து போகும். புள்ளித் தண்டனையோ மற்ற அணிகளின் பருவத்தையும் சேர்த்துக் கலைத்துவிடும்.

7. மாற்று வழிகள்

முதல் வழி, ஆட்டக்காரரின் எல்லா வருமானத்தையும் உச்சவரம்பில் சேர்ப்பது. கணக்கு எளிதாகும். ஆனால் தன் புகழால் தானே சம்பாதித்ததையும் கிளப்பின் கணக்கில் எழுதினால் 1971, 1991 தீர்ப்புகளின் நிழல் உடனே விழும்.

இரண்டாவது, உச்சவரம்பையே எடுத்துவிடுவது. 1995இல் தொடங்கிய சூப்பர் லீக் போரில் இரண்டு ஊடக முதலாளிகள் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்தார்கள். 1997இல் நாடு இரண்டு போட்டிகளாகப் பிளந்து, 1998இல் ஒன்றானபோது பல கிளப்புகள் தடுமாறி நின்றன. அந்த நினைவு இருக்கும்வரை எந்த நிர்வாகமும் இவ்வழியை நாடாது.

மூன்றாவது, எல்லா ஒப்பந்தங்களையும் பொதுவில் வெளியிடுவது. தேசிய ரக்பி லீக்கில் சம்பள விவரங்களை லீக் வெளியிடுவதில்லை. நாளேடுகளின் ஊகங்களே உலவுகின்றன. உச்சவரம்பைக் குறிக்கும் ‘கேப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொப்பி என்றும் பொருள்; சிட்னி ரூஸ்டர்ஸின் உச்சவரம்பைத் தொப்பி என்று சொல்லாமல் அகன்ற மெக்சிகோத் தொப்பியான சொம்ப்ரேரோ என்று ரசிகர்கள் கேலி செய்வது, நிரூபணம் எதுவுமின்றி ஐயம் மட்டும் ஊறும் சூழலின் விளைவு. வெளிப்படைத்தன்மை அந்த ஐயத்தைக் குறைக்கும். ஆனால் வாக்குறுதியை அது தடுக்காது. சம்பளம் ஊரறிந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில்கூட, ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரரோடு எதிர்கால ஒப்பந்தத்தைப் பற்றி ரகசிய உடன்பாடு செய்த மின்னசோட்டா அணி 2000இல் 35 லட்சம் அமெரிக்க டாலர் அபராதமும் இளம் ஆட்டக்காரர் தேர்வில் பல வாய்ப்புகளும் இழந்தது.

நான்காவது வழியே மேலே கண்ட பகுப்பாய்வோடு பொருந்துகிறது: உத்தரவாதத்தைத் தடைசெய்வதை விட்டு, அதற்குக் கணக்கு வைப்பது. கிளப் ஒரு மூன்றாம் தரப்புத் தொகைக்கு வெளிப்படையாக உறுதியளிக்கலாம். அப்படி உறுதியளித்த முழுத் தொகையும் அன்றே உச்சவரம்பில் சேரும். உறுதியளிக்காத தொகை வெளியே நிற்கும். இப்போது மறைப்பதற்கு இருக்கும் காரணம் முற்றிலும் மறையாது. உச்சவரம்பு நிறைந்த கிளப் அப்போதும் மறைக்கத் துணியும். ஆனால் ‘வராவிட்டால்?’ என்று கேட்கும் ஆட்டக்காரருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதில் இருக்கும்போதும் ரகசியக் கடிதத்தை ஏற்பவரைப் பொறுப்பாளியாக்குவதும் நியாயமாகும்.

8. முடிவாக: மூன்றாம் தரப்பாக ஓர் அரசு

இந்த விவாதம் அடுத்து எங்கே போகும் என்பதற்கு ஓர் அறிகுறி வடக்கே தெரிகிறது. 2028இல் பப்புவா நியூ கினியின் அணி தேசிய ரக்பி லீக்கில் சேர்கிறது. 2024 டிசம்பரில் அறிவித்த உடன்பாட்டின்படி ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் தருகிறது. பசிபிக்கில் தன் செல்வாக்கைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கே வந்து ஆடுபவர்களுக்கு வருமான வரி விலக்கு என்று பப்புவா நியூ கினி முடிவு செய்திருக்கிறது. ஒரே தொகையைச் சிட்னியிலும் போர்ட் மோர்ஸ்பியிலும் சம்பளமாக எழுதினால், கைக்கு வருவது இரண்டாவது ஊரில் கணிசமாகக் கூடும். உச்சவரம்பின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

மூன்றாம் தரப்பு ஒப்பந்தத்துக்கு லீக் வைத்த சோதனைகளை இந்தச் சலுகைக்கும் வைத்துப் பார்க்கலாம். கொடுப்பது கிளப் இல்லை, சரி. ஆனால் விலகி நிற்பவரா? அணி வெற்றி பெற வேண்டும் என்று வெளிப்படையாக விரும்பும் அரசு. உத்தரவாதம் உண்டா? அரசாணையைவிடப் பெரிய உத்தரவாதம் எது? மேன்லியின் வாக்குறுதி குற்றமானதற்குக் காட்டிய அடிப்படையில் இது எங்கே நிற்கிறது என்று கேட்டால், லீக்கின் விதிநூலில் பதில் இல்லை. ஆட்டத்தைப் பரப்பும் நல்ல நோக்கத்துக்காக விதியை வளைக்கலாம் என்றால், அதை நேராகச் சொல்லிவிட்டு வளைக்கலாம்.

1895இல் கேட்டது ஆறு ஷில்லிங். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலைக்கு நிச்சயமான ஈடு வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம். ஆட்டக்காரரின் முகவர் இன்று கேட்கும் ‘வராவிட்டால்?’ அந்தக் கவலையின் தொடர்ச்சிதான். ஆட்டக்காரர் நாடும் நிச்சயத்துக்கு விதிக்குள் இடம் தராத வரை, அது விதிக்கு வெளியே ஒரு கோப்பில் கிடக்கும். எந்தத் தணிக்கையாளர் கண்ணில் எப்போது படும் என்பது மட்டுமே தெரியாமல் இருக்கும்.